தொலைத்தலும் துறத்தலும்: எபிரெயர் ஆறாம் அதிகாரமும் மயிலாடி வழிவந்த ஒரு வினாவும்

கிராமச் சபைகளில் பயிற்சி ஊழியம் செய்து திரும்பும் இறையியல் மாணவர்கள் நம்மிடம் கொண்டுவரும் வினாக்களுள், "மனந்திரும்பிய ஒருவன் இரட்சிப்பை இழந்துபோக முடியுமா?" என்பது ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுகின்றது. வகுப்பறையில் இது கால்வினுக்கும் ஆர்மீனியுஸுக்கும் இடையே நடக்கும் பழைய வழக்காகவே தோன்றும். கிராமத்தில் இதன் முகம் வேறு. பிள்ளையின் படிப்பை முன்னிட்டுச் சாதிச் சான்றிதழில் "இந்து" என்று எழுதப்பட இசைந்த தகப்பன் ஒருவன், ஞாயிறுதோறும் ஆலயத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பான். எபிரெயர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கித்த கன்வென்ஷன் பிரசங்கியார், மறுதலித்தவனுக்குத் திரும்பிவர வழியே இல்லை என்று சொல்லிப் போய்விடுவார். அந்த மாதம் முதல் அத்தகப்பன் திருவிருந்துக்கு முன்வருவதில்லை. அவன் இரட்சிப்பை இழந்தவனா என்பதே மாணவரின் வினா. தோர்ட் மாமன்றத்தின் தீர்மானங்களை மட்டும் ஒப்புவித்து இதற்கு விடை கூற முடியாது. அவற்றை அறியாமலும் விடை கூறலாகாது.

நாஞ்சில் நாட்டில் இவ்வினா மிகுதியாக எழுவதில் வியப்பில்லை. நாகர்கோவிலைச் சுற்றிச் சில கல் தொலைவுக்குள்ளாகவே இதற்கு நேர்மாறான விடைகளைக் கூறும் சபைகள் அருகருகே நிற்கின்றன. கன்கோர்டியா இறையியல் கல்லூரியைக் கொண்ட இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையார், 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் அறிக்கையைக் கைக்கொள்பவர்கள். ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் தூய ஆவியை இழக்க முடியாது என்போரை அவ்வறிக்கையின் பன்னிரண்டாம் பிரிவு வெளிப்படையாகக் கண்டிக்கின்றது. இரட்சணிய சேனையாரின் பதினொரு கோட்பாடுகளுள் ஒன்பதாவது, கீழ்ப்படிதலுள்ள விசுவாசத்தில் தொடர்ந்திருப்பதைப் பொறுத்ததே இரட்சிப்பின் நிலையில் நிலைத்திருத்தல் என்று போதிக்கின்றது. சகோதர சபையாரோ, மறுபடியும் பிறந்தவன் ஒருபோதும் அழியான் என்பதில் உறுதியாயிருக்கின்றனர். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை இழக்கலாம் என்ற பக்கமே சாய்கின்றன. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலோ, வெஸ்லியின் மெதடிஸ்தரும் கால்வின் வழிவந்த பிரெஸ்பிட்டேரியரும் சுயாதீன சபையாரும் ஒரே பந்தியில் அமர்ந்துள்ளனர். இவ்விஷயத்தில் இவர் சொல்வதே சரி என்று அச்சபை தீர்ப்பளிக்கவில்லை. தீர்ப்பளிக்காததை நாம் குறையாகக் கருதவில்லை. ஆனால் அந்த மௌனத்தில் வளர்ந்த சபை மக்கள், தெருமுனையில் கிடைக்கும் துண்டுப்பிரதியிலிருந்து தங்கள் கோட்பாட்டை எடுத்துக்கொள்கின்றனர் என்பது குறைதான்.

இரு முழக்கங்கள்

துண்டுப்பிரதிகளும் கன்வென்ஷன் மேடைகளும் இரண்டு முழக்கங்களை மக்களிடையே பரப்பியுள்ளன. "ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் என்றென்றும் இரட்சிக்கப்பட்டவனே" என்பது ஒன்று. "பாவத்தில் விழுந்த கணமே இரட்சிப்புப் போயிற்று, மறுபடியும் கையை உயர்த்து" என்பது மற்றொன்று. முதலாவதைக் கால்வினின் போதனை என்றும் இரண்டாவதை வெஸ்லியின் போதனை என்றும் நம்மிற் பலர் எண்ணிவருகின்றனர். இரண்டும் தவறு.

1618-19இல் கூடிய தோர்ட் மாமன்றம் தன் ஐந்தாம் தலைப்பில் பரிசுத்தவான்களின் நிலைநிற்பைப் போதித்தது. நிலைநிற்பு என்னும் சொல்லே, நிற்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதைக் காட்டுகின்றது. தேவபிள்ளைகள் கொடிய பாவங்களில் விழக்கூடும் என்பதை அம்மாமன்றத்தார் மறைக்கவில்லை. தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றனர். விழுந்தவன் மனந்திரும்பும்வரை கிருபையின் உணர்வையே சில காலம் இழந்துவிடக்கூடும் என்றும் கூறுகின்றனர். அவர்கள் வற்புறுத்தியது, தேவன் அவனை முற்றிலுமாகக் கைவிடார் என்பதே. தேவனுடைய சுசிகரங்களான வசனம், எச்சரிப்பு, திருவிருந்து ஆகியவற்றின் வழியாகவே அவர் அவனைக் காக்கிறார் என்பதையும் அவர்கள் விடவில்லை. துண்டுப்பிரதி முழக்கத்தில் எச்சரிப்பும் இல்லை, மனந்திரும்புதலும் இல்லை. ஒரு நாள், ஒரு மணி, ஒரு ஜெபம் மட்டுமே எஞ்சுகின்றது.

மறுபுறம் வெஸ்லி, விசுவாசி முற்றிலும் விழுந்துபோகக்கூடும் என்று 1751இல் வெளியிட்ட சிறுநூலில் வாதிட்டார் என்பது உண்மையே. ஆயினும் 1778ஆம் ஆண்டின் "பின்மாற்றக்காரருக்கு அழைப்பு" என்னும் பிரசங்கத்தை நம் மேடைகளில் யாரும் எடுத்துப் பேசக் கேட்டிலோம். அதில் அவர் எபிரெயர் ஆறாம் அதிகாரத்தைக் கொண்டு தங்களைத் தாங்களே தண்டித்துக்கொண்டிருந்த மக்களை நோக்கிப் பேசுகின்றார். விழுந்துபோனபின் மீண்டும் எழுப்பப்பட்டவர்களைத் தாம் திரளாகக் கண்டிருப்பதாகச் சாட்சி கூறுகின்றார். விழக்கூடும் என்று போதித்தவரே விழுந்தவனுக்காக அதிகம் பரிந்து பேசியிருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

நாஞ்சில் நாட்டு வழக்கில் கூறுவதானால், முதல் முழக்கத்தார் இரட்சிப்பைக் கிரையப் பத்திரமாக்கினர். பதிவு முடிந்தபின் நிலத்தில் விளைந்தாலும் தரிசானாலும் உரிமை மாறாது. இரண்டாம் முழக்கத்தார் அதைப் பாட்டமாக்கினர்; ஒரு பூ தவறினால் நிலம் பறிபோகும். இருசாராருமே இரட்சிப்பை ஒரு சொத்தாகக் கண்டனர். சொத்து என்றால்தான் "இழக்க முடியுமா?" என்ற கேள்வி பொருள்படும். திருமறையோ இரட்சிப்பைப் பெரும்பாலும் ஒரு நபரோடுள்ள உறவாகப் பேசுகின்றது: கிறிஸ்துவுக்குள் இருத்தல், திராட்சச் செடியில் நிலைத்திருத்தல், மேய்ப்பனின் கைக்குள் இருத்தல். உறவு தொலைவதில்லை, அது துறக்கப்படக்கூடும். தொலைத்தல் வேறு, துறத்தல் வேறு. கைதவறி விழுந்த காசு தொலைகின்றது. தகப்பன் வீட்டைவிட்டுப் போகிறவன் தொலைக்கவில்லை, துறக்கிறான். கிறிஸ்தவன் தன் இரட்சிப்பைக் கைதவறித் தொலைத்துவிட முடியாது என்றும், அவன் அதைத் துறக்கக்கூடும் என்னும் எச்சரிப்பைத் திருமறை வெறும் பூச்சாண்டியாகக் காட்டவில்லை என்றும் நாம் கருதுகிறோம்.

துறந்தவர்கள் முதலிலேயே நம்முடையவர்களாயிருந்ததில்லை என்று யோவானின் முதல் நிருபத்தைக் காட்டி (2:19) விடையிறுப்போர் உண்டு. குறிப்பிட்ட அந்தப் பிரிவினைக்காரரைப் பற்றி யோவான் கூறியதை எல்லாக் காலத்துக்கும் உரிய விதியாக்கினால், யாருடைய விசுவாசமும் உண்மையானதா என்பது அவன் மரணப்படுக்கையில்தான் தெரியவரும். நிச்சயத்தைக் காக்க எழுந்த போதனை நிச்சயத்தையே அழித்துவிடும் விந்தை இது. பனியன் இவ்விதத் துயரை நன்கு அறிந்தவர். கிறிஸ்துவை விற்றுவிட்டோம் என்ற எண்ணம் தம்மை எவ்வளவு காலம் வாட்டியது என்பதை 1666இல் வெளியான தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். 1678இல் வந்த மோட்சப் பிரயாணத்தில் இரும்புக் கூண்டில் அடைபட்ட மனிதனை அவர் படைத்தது அந்த அனுபவத்தின் பின்னணியிலேதான்.

இக்கேள்வி தமிழகத்துக்குப் புதிதும் அன்று. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோலவா, பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்வதுபோலவா உயிர் இறைவனை அடைகிறது என்ற விவாதம் வடகலை தென்கலை வைணவரிடையே நூற்றாண்டுகளாக நிகழ்ந்தது. சரணாகதி ஒருமுறை செய்தால் போதும் என்பதில் இரு கலையாரும் ஒன்றுபட்டனர். சரணடைந்தபின் செய்த பிழைக்குப் பிராயச்சித்தம் வேண்டுமா என்பதில் வேறுபட்டனர். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டபோது, தமிழ்ச் செவிகளுக்கு அந்தப் பயணத்தின் அச்சமும் நம்பிக்கையும் அந்நியமாக ஒலிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மறுதலித்தல் என்னும் சொல்

இனி எபிரெயர் 6:4-8க்கு வருவோம். நம் மக்களின் பயத்துக்கு ஒரு பகுதி காரணம் மூலபாடத்தில் இல்லை, நம் மொழிபெயர்ப்பில் உள்ளது என்று நாம் கருதுகிறோம். பவர் ஐயரின் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த பாடமே இன்றளவும் நம் பிரசங்க பீடங்களில் வாசிக்கப்படுகிறது. அதன் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. எந்த மொழிபெயர்ப்பிலும் சில இடங்களில் சொல் நழுவும்.

ஆறாம் வசனத்தில் கிரேக்கச் சொல் "பாராபிப்தோ" என்னும் வினையின் வடிவம். புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்வினை இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகின்றது. இதன் நேர்ப்பொருள் வழிவிலகி அருகே விழுதல். எழுபதின்மர் பாடத்தில் எசேக்கியேல் நூலில், இஸ்ரவேல் தேவனுக்குச் செய்த துரோகத்தைக் குறிக்க இச்சொல் பலமுறை பயன்படுகின்றது. எனவே நம் ஆசிரியர் கூறுவது சிறு சறுக்கல் அன்று என்பது தெளிவு. தமிழ்ப் பாடமோ இங்கே "மறுதலித்துப்போனவர்கள்" என்கிறது. மறுதலித்தல் என்ற இதே தமிழ் வினைதான், சேவல் கூவுமுன் பேதுரு செய்ததைக் குறிக்கவும் வருகின்றது. அங்கே கிரேக்கத்தில் "அபார்னேயோமாய்" என்னும் முற்றிலும் வேறொரு வினை. கிரேக்கம் இரண்டு சொல்லால் பிரித்ததைத் தமிழ் ஒரு சொல்லால் இணைத்துவிட்டது.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய வெள்ளிக்கு முந்திய இரவின் சரித்திரத்தை ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவனுக்கு, மறுதலித்தல் என்றவுடன் நினைவுக்கு வருவது பேதுருவே: குளிர்காயும் நெருப்பு, வேலைக்காரப் பெண்ணின் கேள்வி, பயத்தால் வந்த பொய். பயத்தால் நாவில் வந்த பொய்யைத்தான் எபிரெயர் நிருபம் மன்னிப்பற்றது என்கிறது என்று அவன் முடிவுகட்டினால், அது அவன் அறியாமை அன்று. சொல் அவனை அங்கே இட்டுச் சென்றது. சான்றிதழில் கையெழுத்திட்ட தகப்பனும் தன் செயலைப் பேதுருவின் செயலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நடுங்குகிறான். ஆனால் பேதுரு திரும்பிவந்தவன். அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு ஆண்டவர் முன்னதாகவே வேண்டிக்கொண்டார் என்பதையும், திரும்பியபின் சகோதரரைத் திடப்படுத்தும் பொறுப்பை அவனுக்கே தந்தார் என்பதையும் லூக்கா எழுதுகிறார் (22:32). எபிரெயர் ஆறாம் அதிகாரம் பேதுருவைப் பற்றியதாயின், திருச்சபையின் முதல் சாட்சியே தள்ளுண்டவன் ஆகிவிடுவான்.

மொழிபெயர்ப்பாளரிடம் வேறு சொல் இல்லாமலில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (2:3) "அப்போஸ்தாசியா" என்பதை அவர்கள் "விசுவாச துரோகம்" என்று ஆக்கியுள்ளனர். எசேக்கியேலின் பின்னணியை நோக்கின் எபிரெயர் 6:6க்கும் அதுவே பொருந்தியிருக்கும்; பேதுருவையும் அது காத்திருக்கும்.

எட்டாம் வசனத்தில் உள்ளது இன்னும் நுட்பமானது. முள்ளும் பூண்டும் முளைப்பிக்கும் நிலத்தைத் தமிழ்ப் பாடம் சபிக்கப்படுவதற்கு "ஏற்றது" என்கிறது. கிரேக்கத்தில் உள்ளதோ "எங்குஸ்", அதாவது "அருகே" என்னும் சொல். நிலம் சாபத்துக்கு அருகில் இருக்கிறது. இதே சொல்லை இதே நிருபத்தில் 8:13இல், பழைய உடன்படிக்கை மறைந்துபோவதைக் குறித்து, தமிழ்ப் பாடம் "சமீபித்திருக்கிறது" என்று சரியாகவே தந்துள்ளது. தகுதிக்கும் சமீபத்துக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. தகுதி என்றால் தீர்ப்பு ஆயிற்று. சமீபம் என்றால் இன்னும் திரும்ப இடமுண்டு, ஆனால் காலம் குறுகியது. ஆசிரியர் அச்சுறுத்துகிறார் என்பதில் ஐயமில்லை. அவர் கதவைத் தாழிட்டுவிட்டார் என்பதே ஐயத்துக்குரியது. முட்புதரைச் சுட்டபின் உழுது விதைப்பது நம் வயல்களில் கண்ட வழக்கமே என்று கூறி, சுட்டெரித்தலையே நம்பிக்கையின் அடையாளமாக்கும் விளக்கமும் உண்டு. அவ்வளவு தூரம் போக நாம் துணியவில்லை; ஆசிரியரின் தொனி அதற்கு இடம் கொடாது.

மற்றொன்று. தேவகுமாரனை மறுபடியும் சிலுவையில் அறைதலைக் குறிக்கும் கிரேக்க எச்சம் நிகழ்காலத்தில் உள்ளது. அது காரணத்தையும் குறிக்கலாம், "அறைந்துகொண்டிருக்கும் வரையில்" என்று காலத்தையும் குறிக்கலாம். அறிஞர் இதில் ஒருமனப்படவில்லை; காரணப்பொருளே பொருந்துவது என்போர் மிகுதி. தமிழ்ப் பாடம் "படியால்" என்று முடித்துக் காரணப்பொருளை மட்டும் நிலைநாட்டிவிட்டது. மாணவர் இதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு எச்சத்தின்மேல் முழு உபதேசத்தையும் கட்டலாகாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்பதாம் வசனம். இவ்வளவு கடுமையாகப் பேசியபின், அதே மக்களைப் பிரியமானவர்களே என்று அழைத்து, அவர்களைக் குறித்து இரட்சிப்புக்கடுத்த நன்மையானவற்றையே தாம் நிச்சயித்திருப்பதாக ஆசிரியர் கூறுகிறார். பரிசுத்தவான்களுக்கு அவர்கள் செய்துவந்த ஊழியத்தைத் தேவன் மறக்கமாட்டார் என்கிறார். எச்சரிப்பு, உள்ளே இருப்பவரை உள்ளே வைத்துக்கொள்வதற்காகக் கூறப்பட்டது. வெளியே போய்த் திரும்பி வாசலில் நிற்பவனை விரட்டுவதற்காக அன்று. ஆனால் நம் கன்வென்ஷன் பிரசங்கங்களில் வாசிப்பு எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது.

மயிலாடி

மேற்கண்ட விளக்கத்தை நம் சபைச் சரித்திரம் தாங்குமா என்று பார்ப்போம். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றிய இடம் மயிலாடி. கல் சிற்பிகளின் உளியோசை இன்றும் கேட்கும் அவ்வூரில், சாம்பவர் சமூகத்தில் பிறந்த மகராசன், பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்று, திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, கோலாப் ஐயரால் வேதமாணிக்கம் என்று பெயரிடப்பெற்றார். அவருடைய அழைப்பினாலேயே லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது.

இறையியல் நோக்கில் இது விசித்திரமான சேர்க்கை. ரிங்கல்தௌபே ஹாலேயில் பயின்ற பிரஷ்யர். லுத்தரன் பக்தி மரபில் வளர்ந்தவர். அவரை அனுப்பிய சங்கத்திலோ கால்வின் மரபைச் சார்ந்த சுயாதீன சபையாரே மிகுதி. அச்சங்கத்தார் 1796இலேயே, எந்தச் சபைமுறையையும் அல்ல, சுவிசேஷத்தையே அனுப்புவோம் என்று தீர்மானித்திருந்தனர். ஆகையால் இரட்சிப்பு இழக்கப்படுமா என்ற கேள்விக்கு மயிலாடியில் முதல் விடை கோட்பாடாக அன்று, நடைமுறையாகவே அமைந்தது.

அந்நடைமுறையின் ஒரு பகுதி, வாசலில் காட்டிய எச்சரிக்கை. வரிச்சுமையிலிருந்தும் கூலியற்ற ஊழியத்திலிருந்தும் விடுதலை கிடைக்கும் என்ற எண்ணத்தோடு வருவோர் பலர் என்பதை ரிங்கல்தௌபே அறிந்திருந்தார். ஞானஸ்நானம் கேட்டவர்களை உடனே சேர்த்துக்கொள்ளாமல் காத்திருக்கச் செய்தார். தம் சபையாரின் குறைகளைத் தம் கடிதங்களில் அவர் மெருகிட்டு எழுதவும் இல்லை. மறு பகுதி, உள்ளே வந்தோரைச் சுமந்த விதம். உடல்நலம் குன்றிய அவர் 1816இல் நாட்டைவிட்டுச் சென்றார். மீட் ஐயர் 1818இல் வந்து சேரும்வரை மிஷனெரி ஒருவரும் இல்லை. ஜாதியால் ஒடுக்கப்பட்ட, பட்டம் எதுவும் பெறாத வேதமாணிக்கமே சபைகளை மேய்த்தார். சபை கலைந்துபோகவில்லை.

இந்த இடைக்காலத்தை நம் சரித்திர நூல்கள் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. இறையியலார் அங்கே சற்று நிற்க வேண்டும். பரிசுத்தவான்களின் நிலைநிற்பு என்று தனியொருவனின் உள்ளத்தைக் குறித்தே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். எபிரெயர் நிருபமோ, ஒருவனாகிலும் கடினப்பட்டுப்போகாதபடிக்கு நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுங்கள் (3:13) என்றும், கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் (10:25) என்றும், நிலைநிற்பைச் சபையின் கூட்டுப் பொறுப்பாக்குகிறது. வேதமாணிக்கம் காத்த இரண்டாண்டுகளில் மயிலாடி மக்கள் நிலைத்திருந்தார்கள் என்றால், ஒவ்வொருவரும் தம் மனந்திரும்பிய தேதியை நினைவுகூர்ந்ததால் அன்று, யாரோ ஒருவர் அவர்களைத் தேடிச் சென்றதால்தான் என்று நாம் எண்ணுகிறோம். தேவன் காக்கிறார் என்பதும் சபை காக்கிறது என்பதும் இரண்டல்ல.

சான்றிதழ்

வேதமாணிக்கத்தின் சமூகத்தில் பிறந்த கிறிஸ்தவருக்கு 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை புதியதொரு சோதனையைக் கொண்டுவந்தது. இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று அதன் மூன்றாம் பத்தி கூறுகிறது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அட்டவணைச் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த கிறிஸ்தவத் தொழிலாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், மதம் மாறியபின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், சமயத்தை அளவுகோலாகக் கொள்வதை நீக்கப் பரிந்துரைத்தது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண்மணி ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ வாழ்வை நடத்திக்கொண்டே சலுகைக்காக இந்து என்று கூறுவது அரசியலமைப்பின்மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பளித்தது. நாடார் கிறிஸ்தவருக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. அவர்கள் ஞானஸ்நானத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பட்டியலில் உள்ளனர். ஆகையால் குமரி மாவட்டச் சபைகளில் பெரும்பான்மையோர் இதைத் தங்கள் வினாவாக உணராமலே, சிறுபான்மையோரை நியாயந்தீர்க்க எளிதாகிறது. இதை நாம் மனவருத்தத்தோடு எழுதுகிறோம்.

சான்றிதழால் வந்த இடறலைத் திருச்சபை முதன்முறையாகச் சந்திக்கவில்லை. தேசியுஸ் பேரரசன் கி.பி. 250ஐ ஒட்டிய காலத்தில், குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். அத்தகைய சான்றிதழ்கள் எகிப்தின் மணலிலிருந்து நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. கிறிஸ்தவருள் சிலர் உண்மையாகவே பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்தோ தயவினாலோ தாளை மட்டும் பெற்றுக்கொண்டனர். துன்பம் ஓய்ந்தபின் இருவகையினரும் திருச்சபையின் வாசலில் வந்து நின்றனர். ரோமாபுரியில் நொவாத்தியன் என்பவன் எவருக்கும் வாசல் இல்லை என்று பிரிந்துபோனான். கர்த்தேகு நகரத்துக் கண்காணியார் சிப்பிரியான் அப்படிச் செய்யவில்லை. தாளை மட்டும் பெற்றவனைக் குற்றமற்றவன் என்று அவர் கூறவுமில்லை. பலியிட்டவனோடு அவனைச் சமமாக்கவுமில்லை. 251இல் கூடிய ஆலோசனைச் சங்கம் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே விசாரித்துத் தவக்காலம் விதித்துச் சேர்க்க முடிவு செய்தது. அடுத்த உபத்திரவம் வரும்போல் தோன்றியபோது, தவஞ்செய்துகொண்டிருந்த அனைவரையுமே உடனே பந்தியில் சேர்க்க வேண்டும் என்று சிப்பிரியானும் பிற கண்காணிமாரும் தீர்மானித்தனர். கிறிஸ்துவின் பாத்திரத்தை மறுத்துவிட்டு, கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்து என்று எவனிடமும் எப்படிக் கூறுவது என்பதே அவர்களுடைய வாதம். பெலவீனன் பந்திக்குத் தகுதிப்பட்டபின் பெலனடைவதில்லை, பந்தியில் பெலனடைகிறான் என்பதை அவர்கள் கண்டனர். நொவாத்தியனின் வழியைப் பெரும் திருச்சபை ஏற்கவில்லை. ஆயினும் அவன் குரல் நம் கன்வென்ஷன் பந்தலில் இன்றும் ஒலிப்பதை நாம் கேட்கிறோம்.

இரண்டு நிலைமைகளும் முற்றும் ஒன்றல்ல என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தேசியுஸின் ஆணைக்குப் பின்னே மரணதண்டனை நின்றது. இங்கே நிற்பது கல்வியும் வேலையும். தேசியுஸின் சான்றிதழ் செய்த செயல் ஒன்றைப் பற்றியது. இது பிறப்பையும் சமயத்தையும் ஒன்றாக முடிச்சிட்டுக் கேட்கிறது. சாதியைச் சொன்னால் பொய்யில்லை. சமயத்தைச் சொன்னால் பொய். இம்முடிச்சைப் போட்டது சட்டம். ஞானஸ்நானத்தில் சாதி ஒழிந்தது என்று பாடிவிட்டு, கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் அதை விடாமல் காத்துவரும் சபையும் இந்த முடிச்சில் பங்குடையது. வெளியே நீ கிறிஸ்தவன், உனக்குச் சலுகை இல்லை என்கிறார்கள்; உள்ளே நீ சாம்பவன், உனக்கு முன்வரிசை இல்லை என்கிறார்கள். இந்த இரண்டுக்குமிடையே நசுங்கும் ஒருவனிடம் எபிரெயர் ஆறாம் அதிகாரத்தை வாசிப்பது கொடுமை.

ஆயினும் நாம் ஆயர்கள்; பொய்யை உண்மை என்று சொல்லக் கூடாதவர்கள். தகப்பன் எழுதியது உண்மையல்ல என்பதை அவனும் அறிவான்; அதுவே அவனைப் பந்தியிலிருந்து விலக்கிற்று. அதைப் பாவமன்று என்று சொல்லி ஆற்றுவது அவனுடைய மனச்சாட்சியை அவமதிப்பதாகும். அது பாவம், மன்னிக்கப்படக்கூடிய பாவம், பேதுருவின் வகையைச் சேர்ந்தது. தேவகுமாரனை அவமானத்துக்கு ஒப்புக்கொடுத்து மிதித்தவன் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் வந்து அமரமாட்டான். தான் துறந்துவிட்டோமோ என்று அஞ்சுகிறவன் துறக்கவில்லை. நம்மை அச்சுறுத்த வேண்டியது வேறொருவன்: சான்றிதழில் கிறிஸ்தவன் என்று பிழையின்றி எழுதப்பட்டிருக்க, சபைக் குழுவிலும் வழக்குமன்றத்திலும் ஆண்டுக்கணக்காகச் சகோதரனைப் பகைத்து, வசனம் தன் செவியில் விழாதபடி கடினப்பட்டுப்போனவன். முள்ளும் பூண்டும் முளைப்பிக்கும் நிலம் என்று ஆசிரியர் வருணிப்பது, அடிக்கடி பெய்யும் மழையைக் குடித்த நிலத்தையே. மழை அதிகம் பெற்ற வயல்கள் நம் ஆலயத்தில் எந்த வரிசையில் உள்ளன என்பதை வாசகர் எண்ணிக்கொள்வாராக.

நடைமுறையில் ஆயர் செய்யக்கூடியது இது. திருவிருந்துக்கு முந்திய ஆயத்த ஆராதனையில் இப்பகுதியை வாசிப்பவர் எட்டாம் வசனத்தில் நிறுத்தாமல் பன்னிரண்டு முடிய வாசிக்கட்டும். "மறுதலித்து" என்று வருமிடத்தில் அது பேதுருவின் சொல் அல்ல என்பதை ஒரு வாக்கியத்தில் விளக்கட்டும். சான்றிதழை முன்னிட்டு எவருடைய பெயரையும் சபைப் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டாம். அடித்திருந்தால், அவர் உயிரோடிருக்கும்போதே விசாரித்துச் சேர்த்துக்கொள்ளட்டும், அடக்க ஆராதனையன்று குடும்பத்தாரோடு பேரம் பேச நேராதபடிக்கு. மூன்று மாதங்களாகப் பந்திக்கு வராதவர் யார் என்பதை உபதேசியாரிடம் கேட்டுப் பட்டியல் எழுதி வாங்கி, அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன் அவ்வீடுகளுக்கு ஆயர் தாமே நடந்து போகட்டும்.